கிளிநொச்சியில் சின்ன வளவுக்குள் ஆறு கோழி, இரண்டு பக்கமும் வீடு: சரிவருமா?

வேம்படி வளவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் கிளிநொச்சி டவுனுக்குக் கிட்ட இரண்டு பரப்புக்குக் கொஞ்சம் கூடின காணி. வீடு, கிணறு, ஒரு வேம்பு, இரண்டு முருங்கை போக மிஞ்சுவது கோடிப்புறம்தான். அதில் ஐந்தாறு கோழி வளர்க்க விருப்பம். முட்டைக்குத்தான், இறைச்சிக்கு இல்லை. வளருகிற பிள்ளைகள் இருக்கிற வீடு, கடை முட்டையின் விலை ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. 2023 இல் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்த காலத்திலேயே யோசித்தது, இப்போதுதான் காலம் கூடி வந்திருக்கிறது.

சிக்கல் அயலில்தான். தெற்கே வீதி, வடக்கே எல்லைக்கு அங்கால் ஆளில்லாத பற்றைக்காணி. கிழக்கே ஒரு ரீச்சர் குடும்பம், அவர்களின் அடுப்படி யன்னல் எங்கள் கோடிப்புறத்தைப் பார்த்தபடி. மேற்கே ஒரு ஆச்சி, தனியாக இருக்கிறா, வேலிக்கரையோடு கத்தரி, வெண்டி, மிளகாய் என்று பாத்தி கட்டி வைத்திருக்கிறா, சுத்த சைவம். இடையில் முள்ளுக்கம்பி வேலி மட்டும்தான், மதில் இல்லை. இரண்டு பேரோடும் இதுவரை நல்ல மாதிரி, அதைக் கெடுக்க விருப்பமில்லை.

நான் முழங்காவில் பக்கம் அம்மம்மா வீட்டில் வளர்ந்தவள். அங்கே விடியக் கூட்டைத் திறந்தால் கோழி எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பொழுதுபட தானாக வரும். இங்கே அப்படி விட முடியாது என்று தெரியும், ஆனால் வேறு எப்படி என்று தெரியவில்லை. கூட்டை எந்த மூலையில் வைப்பது, மணம் வராமல் என்ன செய்வது, ஊர்க்கோழியா, முட்டைக்கென்றே வளர்க்கிற மண்ணிற லேயரா, பிரதேச சபையில் ஏதும் கேட்க வேணுமா? இவர் வேறு, சேவல் இல்லாமல் கோழி முட்டை இடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

*

பரந்தன் சோளகம் எழுதியது:

முதலில் உங்கள் இவருக்கு: சேவல் இல்லாமலும் பேட்டுக்கோழி முட்டை இடும், குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். இரண்டு பக்கமும் வீடு இருக்கிற இடத்தில் சேவல் வாங்காதீர்கள். அது விடியத்தான் கூவும் என்பதெல்லாம் கதை, மூன்று மணிக்கும் கூவும், வீதியில் ஓட்டோ வெளிச்சம் அடித்தாலும் கூவும். பேடு இருட்டினால் மூச்சுக் காட்டாது. முட்டை இட்ட பிறகு கொஞ்ச நேரம் கொக்கரிக்கும், அதுவும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு முதல், ரீச்சர் பள்ளிக்கூடத்தில் நிற்கிற நேரம்.

கூடு வைக்கிற இடத்தில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். பத்தில் ஒன்பது பேர் தங்கள் வீட்டுக்கு ஆகத் தூரமாக, அதாவது அடுத்த வளவின் வேலியோடு ஒட்டி வைப்பார்கள். மணம் தனக்கு வராது, அடுத்த வீட்டு அடுப்படிக்குப் போகும். பிறகு சண்டை வந்தால், எங்களுக்கு ஒரு மணமும் வரவில்லையே என்று சத்தியம் வேறு. எப்படி வரும்? கூட்டை உங்கள் மூக்குக்குக் கிட்ட வையுங்கள். மணம் எழும்பினால் முதலில் உங்களுக்குத் தெரிய வேணும், அன்றைக்கே போய்த் துப்புரவாக்குவீர்கள்.

காற்றையும் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி மட்டும் இங்கே சோளகம் தென்மேற்கிலிருந்து பிடித்து அடிக்கும். கோடிப்புறத்தின் கிழக்குக் கரையில் கூடு இருந்தால் அவ்வளவு மணமும், உமித்தூசியும், உதிர்ந்த இறகும் ரீச்சரின் யன்னலுக்குள்தான். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், மேற்குக் கரையில் வைத்தால் ஆச்சிக்கு. நீங்கள் சொன்ன அமைப்புக்கு வடக்கு எல்லையின் நடுப்பகுதிதான் சரி. சோளகத்துக்கு மணம் பெரும்பாலும் பற்றைக்காணிக்குப் போகும், வாடைக்கு உங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வரும். வரட்டும்.

கிணறு எந்த மூலையில் என்று எழுதவில்லை. அதிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள், முடிந்தால் 50 அடி. மாரியில் எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று தெரியும்தானே, கோழி எரு ஊறி இறங்க அதிக நேரம் வேண்டாம். அதனால் நிலத்தில் கட்டாமல் மூன்றடி உயரத்தில் கால் போட்டு, அடித்தளத்துக்குப் பனஞ்சலாகை இடைவெளி விட்டு அடித்துவிடுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் நிலக்கூடு வைத்திருந்தவர்களின் கோழி கூட்டுக்குள்ளேயே போனது, கால் போட்ட கூடு தப்பியது.

கூரைக்குத் தகரம் போட்டால் மேலே கிடுகு பரப்புங்கள். சித்திரை வெயிலில் வெறும் தகரத்துக்குக் கீழே கோழி வாயைத் திறந்து இளைக்கும், முட்டை ஓடு மெலியும், சில நாள் செத்தும் போகும். வேம்பு நிழல் கிடைத்தால் அதைவிட வேறு என்ன.

*

வேலிக்கு இந்தப் பக்கம் எழுதியது:

நான் கோழி வளர்க்காத ஆள். பக்கத்து வீட்டில் வளர்க்கிற ஆள். ஆகவே ரீச்சரும் ஆச்சியும் வாய் திறந்து சொல்லாததை நான் சொல்கிறேன்.

சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை, பழகிவிடும். மணம்கூட ஓரளவுக்குப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது கோழி இந்தப் பக்கம் வருவது. ஒரு பின்னேரம் போதும், நாற்றுமேடை முழுக்கக் கிளறி, கன்று ஒருபக்கம் வேர் ஒருபக்கமாகக் கிடக்கும். விடியக் கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றத்தில் எச்சம். துரத்தினால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடி மிச்சப் பாத்தியையும் மிதிக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால், கோழிக்கு எல்லை தெரியுமோ என்று ஒரு சிரிப்பு. கோழிக்குத் தெரியாதுதான், கோழிக்காரருக்குத் தெரிய வேணும்.

அடுத்தது எலி. தீனியைச் சாக்கோடு திறந்து வைத்தால் எலி வரும், எலியின் பின்னால் சாரை வரும், சாரை மட்டும் வந்தால் பரவாயில்லை, வன்னியில் நாகமும் புடையனும் வரும். அது உங்கள் வளவோடு நிற்காது. எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளை தவழுகிறது, எனக்குக் கோழி மணத்தைவிட இதுதான் பயம். மூடி இறுக்கமான வாளியில் தீனி வையுங்கள், இரவில் தீனித் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

பிறகு, முட்டை கொடுத்துச் சமாளிக்கலாம் என்று இங்கே யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆச்சி சுத்த சைவம் என்கிறீர்கள், அவவுக்கு முட்டை என்ன பிரயோசனம்? நீங்கள் கூடு கட்டுவதற்கு முதலே போய்க் கதையுங்கள். கட்டி முடித்துவிட்டுப் போனால் அது கேட்பது இல்லை, அறிவிப்பது.

*

ஊசிபோடுகிற தம்பி எழுதியது:

கால்நடைத் துறையில் வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டம் பற்றி முதலில். வீட்டுத் தேவைக்கு நாலைந்து கோழி என்றால் பெரும்பாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள், இருந்தாலும் கரைச்சிப் பிரதேச சபையில் ஒரு சொல் கேட்டுவிட்டால் பிறகு யோசனை இல்லை. முறைப்பாடு போனால் வருகிறவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ. எத்தனை கோழி என்று எண்ணுவதைவிட ஈ, மணம், தேங்கிய தண்ணீர் இவற்றைத்தான் பார்ப்பார். டெங்குக் காலத்தில் கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டி, சிரட்டை, பழைய ரயர் எல்லாம் கண்ணில் படும், ஆகவே தண்ணீரை நாளாந்தம் மாற்றிப் பாத்திரத்தை உரஞ்சிக் கழுவுங்கள். அதற்கு மேல் முற்றினால் மத்தியஸ்த சபைக்குப் போகும். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது அது, வேலிச் சண்டை, அயல் சண்டைகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் தீர்க்கிற இடம். ஆறு கோழிக்கு அங்கே மட்டும் போக வேண்டி வராது என்று நினைக்கிறேன்.

எந்தக் கோழி என்றால், உங்கள் நிலைமைக்கு ஷேவர் பிரவுன் மாதிரி மண்ணிற லேயர்தான். பதினெட்டு, இருபது கிழமையில் முட்டைக்கு வரும், முதல் வருடம் கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. அமைதியான சாதி, வேலி பாய்வது குறைவு, அடைக்குப் படுப்பதும் குறைவு. ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடை கிடந்துவிடும், அது 21 நாள், பிறகு குஞ்சோடு திரிகிற காலம் என்று வருடத்தில் நீங்கள் காண்கிற முட்டை லேயரின் கால்வாசியும் வராது. அதோடு அது பறக்கும், இந்த முள்ளுக்கம்பி வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஊர்க்கோழிக்கு நோய் எதிர்ப்பு கூட என்பது உண்மை, ஆனால் உங்களுக்கு அயல்தான் பெரிய நோய் என்பதால் லேயர்.

தீனி ஒரு கோழிக்கு நாளுக்கு 110 கிராம் அளவில் போகும், ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுணலும் சோறும் மட்டும் போட்டு லேயர் வளர்க்க முடியாது, முட்டை நின்றுவிடும். முருங்கை இலை, கீரைத்தண்டு, தேங்காய்ப்பூ எல்லாம் மேலதிகமாகக் கொடுக்கலாம். கருவாட்டுத் தலை, உப்பு மீன் போடாதீர்கள், கோழிக்கு உப்பு நஞ்சு. பச்சை மீன் கழிவும் கூடினால் முட்டையில் மீன்வாடை வரும். சிப்பித் தூள் தனிச் சிரட்டையில் வையுங்கள், வேண்டியது தானே கொத்தும்.

இனி ஊசி. ராணிக்கெற் என்கிற கோழி நோய் வந்தால் மருந்து இல்லை. கழுத்து முறுகும், பச்சை வெள்ளையாகக் கழியும், ஒரு கூட்டில் தொடங்கி ஒழுங்கை முழுக்கப் போகும். தடுப்பு மருந்து உண்டு, ஆனால் ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு உரியது, கரைத்துவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேணும், ஐஸ் பெட்டியில்தான் கொண்டு வர வேணும். ஆறு கோழிக்காக ஒரு குப்பி உடைப்பது எல்லாருக்கும் நட்டம். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எந்த நாள் போடுகிறார்கள் என்று கேட்டு, ஒழுங்கையில் கோழி வைத்திருக்கிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத வயதுக் குஞ்சாக வாங்குவதென்றால் என்னென்ன போட்டது, எப்போது போட்டது என்று எழுதி வாங்குங்கள். மாரி தொடங்க முதல் அம்மைக்கும் போட வேணும், அது நுளம்பால் பரவுவது. நோய் கண்டால் ஆளுக்குக் கொடுக்கிற கப்சூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கிற வேலை வேண்டாம். அந்த மருந்து முட்டைக்குள் இறங்கி உங்கள் பிள்ளைகளின் கோப்பைக்குத்தான் வரும்.

*

மல்லாவி மாமா எழுதியது:

தம்பி சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஊர்க்கோழியின் முட்டைக்கு உள்ள ருசி லேயருக்கு வராது பிள்ளை, அதையும் யோசியுங்கோ. விலையும் இரட்டிப்பு.

மணத்துக்கு நாங்கள் செய்வது சுலபம். கூட்டுக்குக் கீழே கிழமைக்கு ஒருக்கால் சுண்ணாம்புத்தூள் விசிறிவிடுவது, அடுப்புச் சாம்பலும் கொட்டுவது. ஈயும் குறையும்.

கீரியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கடையில் அறுகோண வலை என்று மெல்லிய கம்பியில் விற்கிறார்களே, அது கோழி வெளியே போகாமல் மறிக்கத்தான், கீரியும் நாயும் உள்ளே வராமல் மறிக்க அல்ல. நாய் பல்லால் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். ஒட்டுவைத்த சதுரக் கம்பிவலை, அரை அங்குலக் கண், அதைத்தான் அடிக்க வேணும். கூடு உயரத்தில் என்றாலும் கோழி பகலில் நிற்கிற அடைப்பு நிலத்தில்தானே, அங்கே வலையை நிலத்தோடு நிறுத்தாமல் ஒரு அடி வெளிப்பக்கமாக மடக்கிப் படுக்க வைத்து மேலே மண் போடுங்கோ. கீரி வந்து வலை அடியில்தான் தோண்டும், தோண்டின இடத்தில் கம்பி தட்டும், அதற்குப் பின்வாங்கித் தோண்டுகிற புத்தி இல்லை. அது பகலில் வருகிற சாமான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகாது, கிடக்கிற எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிட்டுத்தான் போகும். இரவுக்கு மரநாய். கதவுக்குக் கொழுவி மட்டும் போதாது, ஒரு சின்னப் பூட்டு.

*

வேம்படி வளவு எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் பெரிய நன்றி. சேவல் கதையை இவருக்கு வாசித்துக் காட்டினேன், நம்பவில்லை, ஆனால் வாதாடுவதை விட்டுவிட்டார்.

கிணறு வடகிழக்கு மூலையில், எல்லா வீட்டையும் போல. அப்படியென்றால் வடக்கு எல்லையின் நடுவிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி வைக்கலாம், வேம்பின் நிழலும் அங்கேதான் விழும்.

வேலிக்கு இந்தப் பக்கம், நீங்கள் எழுதினது சுட்டது, ஆனால் தேவைதான். நேற்றே இரண்டு வீட்டுக்கும் போனேன். ரீச்சர், சேவல் இல்லையென்றால் பிரச்சினை இல்லை, சனி ஞாயிறில் தான் விடியக் கொஞ்ச நேரம் படுப்பது என்றா. ஆச்சி நான் சொல்லி முடிக்கும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முட்டை எனக்கு வேண்டாம், எருவைத் தா, கத்தரிக்குப் போடலாம் என்றா. எனக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை.

இப்போது இரண்டு கேள்வி. நாள் முழுக்க அடைத்து வைக்க மனம் வரவில்லை, கொஞ்சமாவது வெளியே விடலாமா, ஆச்சியின் பாத்திக்குப் போகாமல்? எருவை அப்படியே அள்ளிக் கொடுக்கலாமா?

*

பரந்தன் சோளகம் எழுதியது:

விடலாம், ஆனால் நேரத்தைப் பிடித்து விடுங்கள். காலையில் திறக்காதீர்கள், முட்டையைப் பற்றைக்குள் இட்டுவிட்டு வரும், பசியோடு தூரமும் போகும். பொழுதுபட ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, நீங்கள் முற்றம் கூட்டுகிற நேரம் பார்த்துத் திறந்தால், கூட்டைச் சுற்றியே கிளறிவிட்டு இருட்ட முதல் தானாக ஏறிவிடும். ஒரு பக்கச் செட்டையில் மட்டும் நீள இறகுகளை வெட்டிவிடுங்கள், இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை வந்து பாயும். இறகு உதிர்ந்து முளைத்தால் திரும்ப வெட்ட வேணும். ஆச்சியின் பக்கத்து வேலியில் அடியிலிருந்து இரண்டடிக்கு வலை கட்டுங்கள். முள்ளுக்கம்பி மாட்டை மறிக்கும், கோழியை மறிக்காது.

*

ஊசிபோடுகிற தம்பி எழுதியது:

மாமா கோபிக்க வேண்டாம், சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் நான் மாறி நிற்கிறேன். கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அந்த ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும், கண்ணை எரிக்கிற அந்த மணம் அதுதான். சாம்பலும் அதே வேலையைத்தான் செய்யும். சாம்பலை மணலோடு கலந்து ஒரு பழைய ரயருக்குள் மழை படாத இடத்தில் வைத்தால் கோழி அதில் புரண்டு செள்ளைத் தானே உதிர்த்துக்கொள்ளும், சாம்பலின் இடம் அங்கேதான்.

மணத்துக்கு மருந்து உமி. பெரும்போகம் வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் ஆலைகளில் கேட்டால் தாராளமாகக் கிடைக்கும், பத்துச் சாக்கு சேர்த்து மழை படாமல் அடுக்கி வையுங்கள், மாரியில்தான் தேவைப்படும், அப்போது காய்ந்த உமிக்கு அலைய வேண்டி வரும். பனஞ்சலாகைக்குக் கீழே நாலு அங்குலம் பரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் கிளறி, நனைந்த இடத்தில் புதிது போடுங்கள். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்தால் உதிர வேணும், கட்டியாக நின்றால் ஈரம் கூட. எங்கள் வெக்கைக்கு ஈ முட்டை வைத்து அது பறக்கிற ஈயாக ஒரு கிழமை, பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒருக்கால் கீழே உள்ளதை வாரி எடுத்துவிட்டால் ஈ பெருகாது.

வாரி எடுத்ததை ஆச்சிக்கு அப்படியே கொடுக்காதீர்கள். பச்சைக் கோழி எரு சூடு, கத்தரி கருகிவிடும். வேப்பமிலைச் சருகும் வாழைத்தண்டும் மாறி மாறிப் போட்டு ஒரு குவியலாக்கி, மழை நனைக்காமல் கிடுகால் மூடி, இடையிடையே புரட்டிவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள். குவியலைக் கிணற்றுப் பக்கம் வைக்க வேண்டாம். ஆச்சி அவசரப்படுவா, இருக்கிற வெண்டியையாவது காப்பாற்றுகிறேன் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

*

வேலிக்கு இந்தப் பக்கம் எழுதியது:

குவியலைக் கிழக்கு வேலியோடு வைத்துவிடாதீர்கள், அங்கே ரீச்சரின் யன்னல்.